என் மனைவிக்கு ஒரு ராட்சதப் பல்லி

"ஒண்ணே ஒண்ணுதான் பார்ப்பேன்" என்றாள் என் மனைவி. "முப்பது படத்துல எது சரியான படம்னு நீங்களே பொறுக்கி எடுங்க. அது எனக்குப் புடிக்கலேன்னா, அதுக்கப்புறம் இந்த வூட்டுல அந்தப் பல்லிப் பேச்சே வரக் கூடாது. என்கிட்டயும் கூடாது, என் சொந்தக்காரங்க வந்தாலும் கூடாது."

கல்யாணமாகி இருபத்தாறு வருடம் கழித்துக் கிடைத்த சலுகை. தலையாட்டினேன்.

அவள் பல்லி என்று சொல்வது பல்லியை அல்ல. கடலுக்கடியிலிருந்து எழுந்து வந்து, நகரம் நகரமாக மிதித்துவிட்டு, திரும்பக் கடலுக்கே போய்விடும் ஒரு ராட்சத மிருகம். ஜப்பான்காரர்கள் நான் பிறப்பதற்கு முன்பே அதை வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். எனக்குத் தலை நரைத்த பிறகும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். வாழ்க்கையில் நான் முழுதாக முடித்த காரியம் அது ஒன்றுதான். தட்டச்சு லோயர் பரீட்சையோடு நின்றது. யோகா மூன்றாம் நாள் நின்றது. எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கிறேன் என்று சொல்லிப் பதினோரு வருடம் ஆகிறது.

யாரோடும் பேச முடியாத ஆசை ஒன்று வீட்டுக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் டீ குடிக்கும்போது பேசிப் பார்த்தேன். டீயோடு ஆட்கள் நகர்ந்து போனார்கள். மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் கேட்க மாட்டேன் என்றால் நான் அந்த மிருகத்தைப் பற்றிச் சுவரிடம்தான் பேச வேண்டும். ஆகவே ஒரு படம், ஒரே ஒரு படம், சரியாக அமைய வேண்டும்.

ஒரு வாரம் யோசித்தேன். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அடித்தேன்.

முதல் படத்தைத்தான் யாரும் சொல்வார்கள். கறுப்பு வெள்ளை. சிரிப்பே கிடையாது. போரில் எரிந்த ஊர் ஒன்று தன் பயத்துக்கு ஓர் உருவம் கொடுத்துப் பார்த்த மாதிரி இருக்கும். பெரிய படம், சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு அடுத்தடுத்ததைப் பார்த்தால், இதே மிருகம் குழந்தைகளுக்குச் சிநேகிதனாகிறது, வில்லன் மிருகத்தின் வாலைப் பிடித்துச் சுழற்றுகிறது, ஒரு படத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் ஆடவே ஆடுகிறது. முதல் படத்தை மட்டும் காட்டுவது கல்யாணப் பெண்ணின் ஸ்டூடியோ போட்டோவை மட்டும் காட்டுவது போல. ஆடுகிற படத்தைக் காட்டினால் என் மனைவி பத்து நிமிஷத்தில் எழுந்து துணி மடிக்கப் போய்விடுவாள். புதிதாக வந்தவற்றில் பாதி நேரம் அதிகாரிகள் மீட்டிங் போடுகிறார்கள். நான் தினமும் பார்ப்பது அதைத்தான், ஞாயிற்றுக்கிழமையும் எதற்கு?

வழி காட்டியது எங்கள் ஊர்தான். வெளியூர்க்காரர்கள் புதுச்சேரி என்றால் கடற்கரையையும் மஞ்சள் சுவர்த் தெருக்களையும் பார்த்துவிட்டு, சுவர் ஓரமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஊரையே பார்த்துவிட்டதாகப் போகிறார்கள். நாங்கள் இருப்பதோ உழவர்கரைப் பக்கம். வலது பக்கம் ஸ்கூட்டர் மெக்கானிக், இடது பக்கம் மாவு மில், எதிரில் கட்டி முடிக்காத கட்டடம். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதுச்சேரிக்காரன் எப்படி வாழ்கிறான் என்று கேட்டால் எங்கள் தெருவைத்தான் காட்ட வேண்டும். முதல் படம் மஞ்சள் சுவர்த் தெரு. எனக்கு வேண்டியது இந்த வரிசையின் உழவர்கரை.

அப்படி ஒன்று இருந்தது. நடுவில் வந்த படம். யாரும் பெரிதாகப் புகழ்ந்ததில்லை, யாரும் திட்டியதும் இல்லை. அதில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு: நம் மிருகம், அதோடு சண்டை போட வரும் ராட்சதத் திருக்கை ஒன்று, நொறுங்கும் துறைமுகம், அட்டையில் செய்தது என்று பார்த்தாலே தெரியும் கட்டடங்கள், கொஞ்சம் அசட்டுத்தனம், கடைசியில் கொஞ்சம் கண்ணீர். இதுதான் என்று முடிவு செய்து அடிக்கோடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துப் பாயை விரித்து டிவியில் பென் டிரைவைச் செருகினேன். மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தலைப்பு ஓடி முடிந்தது. படத்தில் முதல் ஆள் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசினான். என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. படம் பிரெஞ்சில் இருந்தது.

இதை விளக்க வேண்டும். நான் காலேஜ் படித்த காலத்தில் எங்கள் ஊரில் உப்பளம் பகுதியில் ஒரு நண்பன் இருந்தான். சொல்தா வீட்டுப் பிள்ளை. அதாவது அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவர். லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள் அந்த வீட்டுக்கு வீடியோ கேசட் கொண்டுவருவார்கள். அப்படித்தான் இந்த மிருகம் எனக்கு அறிமுகமானது, பிரெஞ்சில். நண்பன் பிரான்சுக்கே போய்ச் சேர்ந்த பிறகு, பழைய கேசட்டையெல்லாம் பென் டிரைவில் ஏற்றி அனுப்பிவைத்தான்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பள்ளியில் எடுத்தேன், ஒரே வருடத்தில் வாத்தியாரும் நானும் சமாதானமாகப் பிரிந்தோம். ஆனால் கேசட் வீட்டில் புரியாமல் உட்கார்ந்திருப்பது கௌரவக் குறைவு. அதனால் யார் என்ன பேசுகிறார்கள் என்று நானே ஊகித்துக்கொண்டேன். திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஊகம் கெட்டிப்பட்டுக் கதையாகிவிட்டது. என் தலைக்குள் அவை எல்லாம் தமிழ்ப் படங்கள். பிரெஞ்சு என்பதே மறந்து போயிருந்தது.

என் மனைவிக்கு மறக்கவில்லை. அவள் காலேஜ் வரைக்கும் பிரெஞ்சு படித்தவள். கல்யாணமாகி பிரான்சுக்குப் போகிற பெண்களுக்குப் பதினைந்து வருடமாக வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள்.

"ஏங்க, இந்தக் கண்ணாடிக்காரரு விஞ்ஞானின்னுதான சொல்வீங்க?"

"ஆமா. அவரோட ஆராய்ச்சியாலதான் மிருகம் முழிச்சிக்கும்."

"இவரு துறைமுக ஆபீஸருங்க. இப்பத்தான் சொன்னாரு."

"கூடவே விஞ்ஞானியாவும் இருப்பாரு."

"சரி, அந்தப் பொண்ணு?"

"அவரு மக. அப்பாகூடச் சண்டை போட்டுட்டுப் போறா."

"இவரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டு. லீவு கேக்கறா. தர மாட்டேங்கறாரு."

பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அவள் திறந்தாள். ஒவ்வொரு காட்சிக்கும் என் கதையில் ஒரு தூண் விழுந்தது. ராணுவத் தளபதியின் தியாகம் என்று நான் கண்கலங்கியது, அவருக்கு வயிறு சரியில்லாததால் வேறொருவரை அனுப்பியது. காதலர்கள் பிரிவதாக நான் நினைத்தது, பஸ் நம்பரைப் பற்றிய வாக்குவாதம். திருக்கை கடலிலிருந்து எழும்பி நகரத்தின் மேல் பறந்தபோதுதான் அவள் சொந்தமாக ஒன்று சொன்னாள்: "எம்மாம் பெரிய திருக்கை! புட்டு போட்டா ஊருக்கே ஆவும்." தேங்காய்த்திட்டுப் பெண். அவள் அப்பா அங்கே துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவர்.

கடைசிக் காட்சி வந்தது. என் உயிர் அந்தக் காட்சி. சண்டை முடிந்து, மிருகம் திருக்கையை இழுத்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. போகிற வழியில் துறைமுகத்தின் வாயே இடிந்து மண் மூடிவிடுகிறது. கண்ணாடிக்காரர் கரையில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசுகிறார். மனிதகுலத்தின் சார்பாக அவர் அந்த மிருகத்திடம் மன்னிப்புக் கேட்கிறார். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றபோது பிரிவுபசார உரையில்கூடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் அழுதார்கள்.

என் மனைவி சிரிக்கவில்லை. ரிமோட்டை வாங்கி அந்த இடத்தைத் திரும்ப ஓட்டினாள். இன்னொரு தடவை கேட்டாள்.

"இன்னா சொல்றாரு?" என்றேன். தீர்ப்புக்குக் காத்திருக்கிறவன் குரல் அது.

"முகத்துவாரம் மூடிப்போச்சுங்கறாரு. ஆறு மாசத்துக்கு ஒரு படகும் வெளிய போவ முடியாது. படகுக்காரங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது, இந்த மண்ணை யாரு வாரறதுன்னு கேக்கறாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானான்னா? எங்க அப்பா வாழ்க்கை பூராவும் கேட்டது இதைத்தாங்க. மண்ணு மேடிட்டுப் போச்சுன்னா படகு வெளிய போவாது, ஏலமும் கிடையாது. ஒரு தடவை ஆபீஸருங்க வந்து பார்த்துட்டு, போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. அதோட சரி." அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் படத்துல ஒழுங்கா பேசறது இந்த ஒரு ஆளுதான்."

படம் முடிந்து பெயர்கள் ஓடின. நான் பென் டிரைவைப் பிடுங்கக் கையை நீட்டினேன். தோற்றவன் மைதானத்தைக் காலி செய்ய வேண்டும் அல்லவா.

"இருங்க. அடுத்த படத்துல அந்த மண்ணை வாரினாங்களா இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடத்தில் இந்த வரிசையைப் பற்றி யாரிடமும் நான் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன். "தெரியாது."

"அத்தனை தடவை பார்த்தீங்களே?"

"நான் மேல மிருகத்தைப் பார்த்தேன். கீழ கவனிக்கல."

"போடுங்க பார்ப்போம். மண்ணு மூடின முகத்துவாரத்தை அப்படியே விட்டுட்டுக் கதைய முடிச்சிடுவாங்களா?"

போட்டேன். அடுத்ததில் கண்ணாடிக்காரரே இல்லை. கதை வேறு ஊருக்குப் போய்விட்டது. அவள் கோபப்பட்டு அதற்கு அடுத்ததைப் போடச் சொன்னாள். வாரத்துக்கு ஒன்று என்று நடக்கிறது. அவள் மொழிபெயர்க்கிறாள், நான் திருத்தங்களை ஏற்றுக்கொள்கிறேன். மிருகம் நகரத்தை மிதிக்கும்போது அவள் டீ போடப் போய்விடுகிறாள். துறைமுகம் தெரிந்தால் குரல் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். இப்போது ஐந்தாவது படத்தில் இருக்கிறோம். இதுவரை யாரும் வாரவில்லை.