அக்கா கேட்டு வாங்கிய பெயர்

எழிலி என்றால் மேகம். பேச்சு வந்த நாளிலிருந்து இதை நான் யாருக்காவது விளக்கிக்கொண்டேதான் இருக்கிறேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்து அப்பா எங்களை மதுரையிலிருந்து ஹைதராபாத்துக்குக் கூட்டி வந்தபோது, இந்தப் பெயரும் சாமானோடு சாமானாக வந்து மல்காஜ்கிரியில் இறங்கியது. பள்ளியில் ஒரு டீச்சருக்கு நான் எஜிலி, இன்னொருவருக்கு எலிலி. அட்டெண்டன்ஸ் எடுக்கும் மிஸ் அந்தப் பக்கமே போகமாட்டார். தமிழ்ப் பெண் என்ற பொருளில் "தமிள் அம்மாயி" என்பார்; நான் கையைத் தூக்கியதும் அடுத்த பெயருக்குத் தாவிவிடுவார்.

மூன்றாம் வகுப்பில் எனக்குப் பொறுமை போய்விட்டது. பெயரை மாற்றினால்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று அடம்பிடித்தேன். என்ன பெயர்தான் வேண்டும் என்று அப்பா கேட்டார். யோசிக்காமல் ஸ்ரவந்தி என்றேன். மாடி வீட்டுத் தெலுங்கு அக்கா சொல்லிச் சொல்லி என் மனத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெண் பிறந்தால் ஸ்ரவந்தி என்று கல்யாணத்துக்கு முன்பே முடிவு செய்துவைத்திருந்தவள், அப்போது நிறைமாதமாக இருந்தாள்.

தீபாவளி கழிந்ததும் பள்ளியில் எழுதிக் கொடுப்பதாக அப்பா ஒப்புக்கொண்டார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அவர் ஆசைப்பட்டு வைத்த பெயர். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போன அம்மா, வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாள்.

தசரா லீவிலேயே அக்காவுக்குப் பெண் பிறந்தது. பார்க்கப் போன என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, என் அம்மாவிடம் கற்ற தமிழில் கேட்டாள்.

"ஏன்டி, உன் பேரு உனக்கு நக்கோவா? வேணாம்னா எனக்குக் குடுத்துடு. என் பாப்பாக்கு வெச்சுக்கறேன்."

எனக்குத் திக்கென்றது. நாம் ஒதுக்கிப் போட்ட கவுனை வேறொருத்தி கேட்டால்தான் அதன் அழகு தெரியும். "ரெண்டு பேரும் வெச்சுக்கலாம்" என்றேன் அவசரமாக.

இருபத்தோராம் நாள் குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் பெயரை அக்காவின் கணவர் விரலால் எழுதினார். அதை மூன்று முறை குழந்தையின் காதில் சொல்லவேண்டியவர் அதன் அத்தை, அந்தக் கணவரின் தமக்கை. ராமச்சந்திராபுரத்திலிருந்து பட்டுப்புடவையும் அதிகாரமுமாக வந்திருந்த அந்த அம்மாளுக்கு, பெயரைக் கேட்டதிலிருந்தே உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. தொட்டில் மேல் குனிந்தார். "எஜி..." என்றார். "எலி..." என்றார். குழந்தை வீரிட்டது.

"இதேம் பேரு? நாலுக திரகட்லேது!" என்று நிமிர்ந்தார். அவர் நாக்கு புரளவில்லை. கூடம் முழுக்கச் சிரிப்பு. பெயரை மாற்றச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். அவரோ அந்தப் பெயர்க்காரி யாரென்று கேட்டு, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, "நுவ்வு ரா. நுவ்வே செப்பு" என்று தொட்டிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நானே சொன்னேன், மூன்று முறையும். குழந்தை ஒரு கொட்டாவி விட்டது.

ஆனால் அந்த அம்மாள் தோற்றுப் போகிறவர் இல்லை. பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பப்புச் சோற்றுக்கும் புளிஹோராவுக்கும் நடுவே நாக்கை மடித்து மடித்துப் பார்த்தார். சாயங்காலம் விடைபெற்று ஆட்டோவில் ஏறியவர், அது கிளம்பிய பிறகு தலையை வெளியே நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"எழிலீ!"

சுத்தமான ழ. அன்று நான் தரையில் நடக்கவில்லை. நேரே அப்பாவிடம் போய், பள்ளியில் எதுவும் எழுதிக் கொடுக்கவேண்டாம் என்றேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பின்னால் அக்காவின் தங்கை மகளும் எழிலி ஆனாள். அந்த அம்மாளே தன் பேத்திக்கும் அதையே வைத்தார். இதற்கெல்லாம் என் பெயரின் மகிமைதான் காரணம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா அத்தனை காலம் ஆசையாக வைத்திருந்த ஸ்ரவந்தி என்ன ஆனாள் என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. சென்ற வருடம் எனக்குப் பெண் பிறந்தபோதுதான் தோன்றியது. அம்மா அன்று மொட்டைமாடியில் யாரிடம் என்ன பேசினாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்ரவந்தி எங்கே என்று கேட்டேன்.

அக்கா சிரித்தாள். "பத்திரமா வெச்சிருக்கேன். வேணுமா?"