யாரைக் கேட்டுக் கடைந்தீர்கள்?

என்னிடம் ஐந்து மரம் அறுக்கும் மெஷின்கள் இருக்கின்றன. ஐந்துமே என் வயதை ஒட்டியவை. மூன்று ஓடும். ஒன்று மனசு வைத்தால் ஓடும். ஐந்தாவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினாலாவது எரிச்சல் அடங்குகிறதா பார்க்கலாம்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். ரெட்டியார்பாளையத்தில் வீடு. இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு புயலுக்குப் பிறகு. பக்கத்து மனையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் எங்கள் மதில் மேல் சாய்ந்துவிட்டது. அதை அறுக்க இரண்டு பேர் ஒரு பழைய செயின்சாவோடு வந்தார்கள். பாதி மரத்தில் அது நின்றுபோனது. கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து, மிச்சத்தைக் கோடாரியால் முடித்தார்கள். "இத இங்கயே வெச்சிருங்கம்மா, நாளைக்கு வந்து எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வரவே இல்லை.

மூன்று மாதம் மாடிப்படிக்குக் கீழே கிடந்ததை ஒரு சனிக்கிழமை திறந்தேன். கார்புரேட்டருக்குள் இருந்த மெல்லிய ரப்பர் தகடு பொரித்த அப்பளம் போல விறைத்திருந்தது. வேறு மெஷினுடைய தகடு ஒன்றை வாங்கி, கத்தரித்துப் பொருத்தினேன். ஏழாவது இழுப்பில் மெஷின் கத்தியது. நானும் கத்தினேன். என் கணவர் தோசைத் திருப்பியோடு ஓடிவந்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் பாத்திரக் கடை, துணிக் கடைப் பக்கம் திரும்பியதில்லை. பழைய இரும்புச் சாமான் விரிப்பவர்களிடம்தான் போய் நிற்பேன்.

ஐந்தாவது மெஷின் ஒரு சொல்தா வீட்டிலிருந்து வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அந்தச் சொல்தா இறந்து வெகுகாலம் ஆகிறது. அவர் மகனுக்கே அறுபதுக்கு மேல் இருக்கும். நகரத்துக்குள் இருந்த வீட்டை விற்றுவிட்டு, பிரான்சில் இருக்கும் மகளிடம் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். என்னோடு வேலை பார்க்கும் பிரெஞ்சு டீச்சர் சொல்லித்தான் அவரைப் பார்க்கப் போனேன்.

"அப்பா அங்கேருந்து கப்பல்ல கொண்டாந்தது மேடம். பிரெஞ்சுல த்ரோன்சொனேஸ்னுதான் சொல்வாரு. ரம்பம்னு யாராவது சொன்னா கோவம் வந்துடும்" என்றார்.

மெஷினுக்குக் குளியல் தொட்டி போன்ற பெரிய உடம்பு. கரிப் பிசுக்குக்குக் கீழே மஞ்சள் பெயிண்ட் தெரிந்தது. இரண்டு கையால் தூக்கினாலும் இடுப்பு வலித்தது. அவர் விலை எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் கெளம்பறதுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஒரு தடவ இது ஓடற சத்தத்த கேக்கணும். முடியுமா?"

முடியும் என்றேன். கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து இழுத்தேன். அசையவே இல்லை. பிஸ்டன் சிலிண்டருக்குள் ஜாம் ஆகி இறுகியிருந்தது. பிளக் துளை வழியாக டீசல் ஊற்றி வைத்தேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சக்கரத்தைப் பிடித்து அசைப்பேன். நான்கு வாரம் அது என்னைச் சட்டையே செய்யவில்லை. இதற்கிடையில் போல்ட்டுகள் வேறு. சிலிண்டரைப் பிடித்திருந்த நான்கில் இரண்டு, அந்த மெஷினுக்குச் சம்பந்தமே இல்லாதவை. மரை சேராமல் முறுக்கி ஏற்றியவை. எந்தக் கடன்காரன் செய்த வேலை என்று திட்டிக்கொண்டே கழற்றினேன். ஒன்று முறிந்து, பாதி உள்ளேயே தங்கிவிட்டது.

ஐந்தாவது வாரம் பிஸ்டன் வெளியே வந்தது. சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் சாம்பல் நிறக் கோடுகள். ஆனால் பயப்படும்படி எதுவுமில்லை. அந்தச் சிலிண்டர் அலுமினியம். உள்சுவரில் மட்டும் மெல்லிய குரோம் பூச்சு. பிஸ்டன் உரசியதில் அதன் அலுமினியம் பூச்சின் மேல் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். பஞ்சில் கொஞ்சம் காஸ்டிக் சோடாக் கரைசல் தொட்டுத் துடைத்தால் அலுமினியம் கரைந்துவிடும், குரோம் நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிப் புரிய வைக்கலாம்.

முறிந்த போல்ட்டை எடுக்கத்தான் லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. கணவர் ஸ்கூட்டர் ஓட்ட, நான் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் அதை என் கையிலிருந்து வாங்கி, என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன வண்டியோடது சார்?"

"வண்டி இல்ல. மரம் அறுக்கற மெஷின். உடைஞ்ச போல்ட்ட மட்டும் எடுத்துக் குடுங்க, வேற எதையும் தொட வேணாம்" என்றேன் நான்.

"போல்ட்டுதானே, எடுத்துரலாம் சார். உங்க நம்பர் குடுத்துட்டுப் போங்க."

கணவர் தன் நம்பரைக் கொடுத்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் பழகிப்போன விஷயம்.

மூன்றாம் நாள் தனியாகப் போனேன். முறிந்த போல்ட் வெளியே வந்திருந்தது. சிலிண்டரைத் துணியில் துடைத்துப் பெருமையாக நீட்டினார்.

"உள்ள பாருங்கம்மா. கண்ணாடி மாதிரி பண்ணி வெச்சிருக்கேன்."

பார்த்தேன். கோடுகள் இல்லை. குரோமும் இல்லை. மொத்தப் பூச்சையும் கடைந்து எடுத்துவிட்டு, வெறும் அலுமினியத்தைப் பளபளவென்று ஆக்கியிருந்தார். அதில் பிஸ்டன் ரிங் ஓடினால் சோப்பைச் சுரண்டுவதுபோல் சுரண்டிவிடும்.

"யாரைக் கேட்டு இத கடைஞ்சீங்க?"

"சார்கிட்ட போன் போட்டுக் கேட்டேனே. பண்ணுங்கன்னாரு."

சிலிண்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வழி முழுவதும் அழுகை முட்டியது. ஓர் அலுமினியத் துண்டுக்காக அழுகிறோமே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

கணவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பட்டறைக்காரரு போன் பண்ணாரா?"

"ஆமா. உள்ள கோடு கோடா இருக்கு, கடைஞ்சிரவா சார்னாரு. நல்லதுதானேன்னு சரின்னுட்டேன். ஏன்?"

"அது என்ன சிலிண்டர்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் எப்படிச் சரின்னீங்க? அவகிட்ட கேளுங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

வாளியைக் கீழே வைத்தார். பொய் சொல்லத் தெரியாதவர்.

"என்னக் கேட்டுட்டாரு. தெரியாதுன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன சண்டை போடுவது?

சொல்தாவின் மகனுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. வீட்டுக்குக் கூப்பிட்டேன். கூடத்தில் பேப்பர் விரித்து, பாகங்களைப் பரப்பி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் குனிந்து அந்தப் பொருந்தாத போல்ட்டுகளில் ஒன்றை எடுத்தார்.

"இது எங்கம்மா தையல் மெஷின்ல இருந்தது" என்று சிரிக்க ஆரம்பித்தார். "போல்ட்டக் காணோம்னு அம்மா ஒரு வருஷம் தேடுச்சு."

"அப்ப இத பிரிச்சது..."

"அப்பாதான். சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்தா ஞாயித்துக்கெழம பூரா இதோடதான். மெர்து மெர்துன்னு பிரெஞ்சுல கெட்ட வார்த்தையா வரும். கடைசி வரைக்கும் ஓடலயே! நானும் இது ஓடிக் கேட்டதே இல்ல மேடம்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னா நீங்க எடுத்துக்கிட்டுப் போயிருப்பீங்களா?"

நியாயமான கேள்வி. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை. நான் கடன்காரன் என்று திட்டியது இவருடைய அப்பாவைத்தான் என்பதை மட்டும் சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பினேன்.

மிச்சமிருந்த ஒரே வழி, சிலிண்டரை இன்னும் பெரிதாகக் கடைந்து உள்ளே இரும்புக் குழாய் ஒன்றைச் செருகுவது. ஸ்லீவ் என்பார்கள். புகை போகிற துளையும் பெட்ரோல் வருகிற துளையும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். கிராப் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போனேன். மற்றவர்கள் எல்லோரும் இந்த வேலையைத் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள்.

"சார் வரலியாம்மா?"

"வரமாட்டாரு. இதுல சந்தேகம் இருந்தா என்னத்தான் கேக்கணும்."

அன்றைக்குத்தான் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தாளை ஒழுங்காகப் பார்த்தார். முதல் ஸ்லீவில் துளையைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். இரண்டாவதற்கு ஐந்து தடவை எனக்குப் போன் செய்தார். வகுப்பு நடுவில் எடுக்க முடியாது. எடுக்காமல் இருக்கவும் பயம். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசினேன்.

விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்தாவின் மகன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து எங்கள் மொட்டை மாடியில் நின்றார். கணவர் மெஷினை மிதித்துப் பிடிக்க, நான் இழுத்தேன். பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ இழுப்பு. பிடித்துக்கொண்டது. நீலப் புகை மாடியை மூடியது. நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்கிற சத்தம். பக்கத்து வீட்டம்மா கொடியில் காயப்போட்ட துணிகளை வாரிக்கொண்டு ஓடினார். சொல்தாவின் மகன் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

பால் பொங்குகிற நேரம்கூட இருக்காது. சத்தம் கனத்தது, திணறியது, நின்றது. கயிற்றை இழுத்தேன். பழையபடி இறுக்கம்.

"போதும் மேடம். கேட்டுட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குப் போதும். எனக்கு எப்படிப் போதும்? அவர் படியிறங்கியதும் அங்கேயே உட்கார்ந்து சைலன்சரைக் கழற்றிப் புகைத் துளைக்குள் பார்த்தேன். காரணம் தெரிந்தது. இரும்புக் குழாய் அலுமினியத்தோடு ஒட்டி உட்காரவில்லை. நடுவில் நூலளவு இடைவெளி. சூடு வெளியே போக வழியில்லாமல் பிஸ்டன் வீங்கி இறுகிவிட்டது. குழாயைத் திரும்பப் பிடுங்க வேண்டும், சிலிண்டரைச் சுடவைத்து வேறு குழாய் இறக்க வேண்டும், பிஸ்டனும் இனி உதவாது.

கணவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தைச் சிலிண்டருக்குள் அடித்தார்.

"என்ன ஆச்சு?"

விளக்கமாகச் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். புரிந்ததாகத் தலையாட்டவில்லை.

"அந்த இடைவெளி எங்க இருக்கு, காட்டு" என்றார்.

கரி படிந்த விரலால் தொட்டுக் காட்டினேன்.