சரவெடி மெக்கானிக்

மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் மைத்துனனின் கேஜ் கண்ணில் படுகிறது. விசிறிபோல் விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். என்ஜின் வால்வுக்கு மேலே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று விட்டுப் பார்க்கிற கருவி. சட்டைப்பையில் அது இல்லாமல் அவன் பட்டறைக்குள் வந்ததே கிடையாது. ஊரைவிட்டுப் போகும்போது மட்டும் வைத்துவிட்டுப் போனான்.

என் மனைவியின் ஒரே தம்பி. சிவகாசியில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பட்டறை வைத்திருந்தோம். அம்பாசிடர் என்றால் அவன் கை தனி. நட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் அக்காவின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்பான். பின்னால் நட்டு இளகினால் தெரிய வேண்டுமாம். "இது என் நகத்துக்கு வாங்குனதா, இவன் நட்டுக்கு வாங்குனதா?" என்று அவள் கத்துவாள். கேட்டால்தானே!

பக்கத்தில் இருக்கிற விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சியின் பழைய அமெரிக்கக் கார் வந்ததில்தான் வினை. அதில் வால்வைத் திறக்க உந்தும் புஷ்ராடு கம்பிக்கு அடியில் இருப்பது எண்ணெய் குடித்து உப்பி நிற்கும் ஹைட்ராலிக் லிஃப்டர். இடைவெளியை அதுவே நிரப்பிக்கொள்ளும். நாம் வைக்கக் கூடாது. புஷ்ராடை இரு விரலால் உருட்டிக்கொண்டே நட்டை முறுக்க வேண்டும்; அது பிடிக்கிற இடத்திலிருந்து இன்னும் அரைச் சுற்று, அவ்வளவுதான். நான் அப்படித்தான் வைத்தேன். அவனுக்குப் பொறுக்கவில்லை. "சூடானா இரும்பு நீளும்ல அத்தான்? கேப்பு விடாம வால்வு எப்படி மூடும்?" என்றான். விளக்கினேன்; தலையாட்டினான். மறுநாள் நான் சாமான் வாங்க விருதுநகர் போன நேரத்தில் எல்லாவற்றையும் இளக்கி, கேஜைச் செருகி, அம்பாசிடர் கணக்கில் கேப்பு வைத்துவிட்டான். என்ஜின் தட்டியது. சூடானால் அடங்கிவிடும் என்று நினைத்து, அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

மண்டப வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறக் காத்திருக்க, கார் சடசடவென்று தட்டிக்கொண்டே வந்து நின்றது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் கால் தானாகப் பின்னால் போகும். கூட்டமே விலகியது. அண்ணாச்சி விளையாட்டாகத்தான் கேட்டார்: "என்ன தம்பி, நம்ம கம்பெனி சரவெடிய என்ஜினுக்குள்ள கொளுத்திப் போட்டுட்டீகளா?" மண்டபமே சிரித்தது. பெண்ணை வேறு காரில் ஏற்றினார்கள்.

"விடு மாப்ளே, வால்வு கவரைத் திறந்தா அரைமணி நேர வேலை" என்று அவனைத் தேற்றினேன். அண்ணாச்சியோ சீசன் முடியட்டும் என்று வண்டியை ஷெட்டில் போட்டுவிட்டார். பெயர் மட்டும் நின்றுவிட்டது. டீக்கடையில் "வாங்க சரவெடி." உதிரிபாகக் கடையில் "யாரு, சரவெடி மெக்கானிக்கா? உக்காருங்க." எங்கள் ஊரில் பட்டப்பெயர் வைத்தால் சுடுகாடு வரைக்கும் கூட வரும். அவனோ ரோஷக்காரன். ஆடி முடிவதற்குள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். தீபாவளிக்குத் தீபாவளி அக்காவிடம் போனில் பேசுவான்; வாடா என்றால் "வேலை கெடக்குக்கா" என்பான். போன வருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். அங்கேயே எரித்தோம். அந்தச் சுடுகாட்டில் அவனைச் சரவெடி என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதுவாவது மிச்சம்.

போன வாரம் அதே காரை, எண்ணெய் ஒழுகுகிறது என்று அண்ணாச்சி கொண்டுவந்தார். என்ஜினில் தட்டுகிற சத்தமே இல்லை. கவரைத் திறந்தேன். ஒவ்வொரு நட்டிலும் மங்கிப்போன சிவப்புப் பொட்டு.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அண்ணாச்சி. "ஒரு தீபாவளி முடிஞ்சு கம்பெனி பூட்டிக் கெடந்தப்போ அவரே பஸ் ஏறி வந்தாரு. ஷெட்டுலயே உக்காந்து அம்புட்டையும் சரிபண்ணிட்டுப் போனாரு. யாருகிட்டயும் சொல்லாதீகன்னாரு."

இழுப்பறையிலிருந்து கேஜை எடுத்துவந்து, இருப்பதிலேயே மெல்லிய தகட்டை வால்வை அழுத்துகிற ஒவ்வொரு ராக்கருக்கு அடியிலும் விட்டுப் பார்த்தேன். எங்கேயும் நுழையவில்லை. பாவி, எங்கேயோ போய்ச் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேஜைத் துடைத்துப் பழையபடி உள்ளே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"விஸ்வநத்தம் வரைக்கும் வந்தவன், இங்கன வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றாள்.