நல்லெண்ணெய் குடித்த தையல் மெஷின்

அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த தையல் மெஷின் எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான் கிடைத்தது. கீழ்வேளூர்ப் பக்கம் வயலில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. தலைகால் புரியவில்லை எனக்கு. ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, துளை கண்ட இடமெல்லாம் நல்லெண்ணெய் விட்டேன், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதுபோல. பிறகு களை, அறுப்பு என்று ஓடியதில் பொங்கல் முடியும்வரை அதைத் தொடவே இல்லை.

தை மாதக் கடைசியில் ஊர்வலம் என்று எங்கள் விவசாயக் கூலிகள் சங்கத்தில் முடிவாயிற்று. மிராசுதாரின் உபரி நிலத்தை எங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்று கேட்டுத்தான். கடைத்தெரு டைலர் மிராசுதார் வீட்டுக்கு வேண்டியவர். கொடி தைக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். "நான் தைக்கிறேங்க" என்று சங்கத்துக்காரர்களிடம் வாயைக் கொடுத்தேன். ஊர்வலத்துக்கு முதல்நாள் காலையில் நாற்பது கொடிக்கான துணியோடு உட்கார்ந்தால், சக்கரம் அசையவில்லை. நான் விட்ட எண்ணெய்தான் பிசினாக இறுகிக் கிடந்தது. ஊரே சிரிக்கப்போகிறது என்று அழுகை முட்டியது.

என் வீட்டுக்காரர் சுத்தியலோடு வந்தார். "ஒரு தட்டு தட்டுனா சரியாயிடும்."

"கிட்ட வந்தீங்கன்னா தெரியும் சேதி! இது என்ன மம்பட்டிக் காம்பா?"

சைக்கிள் கடையில் செயின் பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். பெல்ட்டைக் கழற்றி, ஊசியை எடுத்தேன். பாபினையும் அதன் கூட்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். துளைகளில் கோழி இறகால் சொட்டுச் சொட்டாக விட்டு, மெஷினின் தலையை வெயிலில் வைத்தேன். அவ்வப்போது சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினேன். பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். அன்றைக்கு மட்டும் அது எங்கிருந்தோ வந்தது.

உச்சிப்பொழுதில் நூலளவு அசைந்தது. அப்புறம் விரலளவு. பழுப்புக் கசடு வழிய வழியத் துடைத்தேன். சக்கரம் முழுச்சுற்று வந்ததும் கைதட்டிவிட்டேன். சைக்கிள் கடையில் மெஷின் ஆயில் வாங்கிவந்து துளைகளில் விட்டு, கழற்றியதையெல்லாம் மாட்டித் தைக்க உட்கார்ந்தேன். கடைசிக் கொடியின் நூலைக் கடித்தபோது இன்னும் பொழுது சாயவில்லை.

மிராசுதார் வீட்டு வாசலைக் கடக்கும்போது எங்கள் ஆட்களுக்குத் தலை தானாகக் குனியும். எனக்கும் அதே பழக்கம்தான். மறுநாள் ஊர்வலத்தில் கடற்காற்று கொடிகளைப் பிடித்து உலுக்கியது. தையல் விட்டுவிடுமோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்றுகூடப் பிரியவில்லை.

"அவங்க வீட்டத் தாண்டி வந்துட்டோம் அக்கா" என்றாள் பக்கத்தில் வந்தவள். அப்போதுதான் தெரிந்தது, நான் குனியவே இல்லை.