ரத்தத்துக்குப் பஞ்சப்படி

வெள்ளிக்கிழமை காலை ஆனால் போதும், எனக்கு எரிச்சல் கிளம்பிவிடும். பெரியநாயகசாமி வரும் நாள் அது. "துவரம்பருப்பு கிலோ என்ன விலைங்க? புழுங்கலரிசி? தேங்காய் எண்ணெய் சில்லறையில எவ்வளவு?" என்று வரிசையாகக் கேட்பார். நானும் வரிசையாகச் சொல்வேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஒன்றும் வாங்காமல் போய்விடுவார்.

வாங்காத மனுஷனுக்கு விலை சொல்வது எவ்வளவு கடுப்பான வேலை என்று கடை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூர் கீழவாசலில் என் வீட்டுக்காரர் மீரா உசேன் ஆரம்பித்த மளிகைக்கடை அது. அவர் சவுதிக்கு விமானம் ஏறிய பிறகு கல்லாவில் நான் உட்கார்ந்தேன். நாகூரில் பிறந்தவள் நான், வாய் கொஞ்சம் நீளம். அந்த நெட்டை மனுஷர் ரெக்ஸின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பதை மூன்று நாலு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஏன் சார், விலையைக் கேட்டே வயிறு நெறஞ்சிடுமா உங்களுக்கு?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "நான் எங்கம்மா கேக்குறேன்? கவர்மெண்டு கேக்குது" என்றார். ஒரே கடையில், ஒரே சாமானுக்கு, வாராவாரம் என்ன விலை என்று எடுக்க வேண்டுமாம். ஜனங்களுக்கு வாழ்க்கைச் செலவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதை வைத்துத்தான் மேலே கணக்குப் போடுவார்களாம். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சம்பளக்காரர்களுக்குப் பஞ்சப்படி ஏறுமாம். "ஒரு வாரம் விட்டுப்போனா கணக்குல ஓட்டை விழுந்துடும்" என்றார், ஏதோ காவிரிக் கரையில் உடைப்பு விழப்போகிற மாதிரி.

சும்மா சொல்லக்கூடாது, ஒரே ஒரு பொருள் வாங்குவார். ஒரு கட்டு பீடி. அதுவும் அவர் பட்டியலில் இருந்ததுதான். விலையைக் கேட்டு எழுதுவார், அதே விலையைக் கொடுத்து வாங்குவார், படி இறங்குவதற்குள் ஒன்றைப் பற்றவைத்துவிடுவார்.

உட்காரவே மாட்டார். கால் ஒரு இடத்தில் நிற்காது. ஸ்டூலைத் தள்ளிப் போட்டால் அதன்மேல் பையை வைப்பார். மாதா கோயிலில் பூசை நடக்கும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் மெழுகுவத்தி என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்பாராம். அவர் மனைவி ஆரோக்கியம் அக்கா என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். திருக்காட்டுப்பள்ளியில் மச்சினி கல்யாணத்துக்குப் போனவர், தாலி கட்டும் நேரத்தில் சமையல்காரனோடு நின்று கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டிருந்தாராம். என்ன ஜென்மமோ!

தொண்ணூறுகளில் எல்லாமே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. என் கடை வாசலில் ஷாம்பு பாக்கெட்டுகள் தோரணம் மாதிரித் தொங்கின. தூளாக அள்ளி விற்ற டீத்தூள் பளபளப்பான உறைக்குள் போனது. அவருடைய பட்டியல் மட்டும் மாறவில்லை. அதில் லாந்தர் சிம்னி இருந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார்கள், கரண்டு போனால் வீட்டுக்கு வீடு எமர்ஜென்சி லைட்டு எரிந்தது. சிம்னியை யார் வாங்குகிறார்கள்? இவருக்காகவே இரண்டு சிம்னியை அலமாரி மேல் வைத்திருந்தேன்.

"யாருக்கும் வேண்டாத கண்ணாடிக்கு நான் என்னத்த சார் விலை சொல்றது?"

"போன வாரம் சொன்னதையே சொல்லுங்க. ஆனா யோசிச்சுச் சொல்லுங்க."

பஞ்சப்படி ஏறிய செய்தி வந்தால் அவர் ஆபீசில் அல்வா கொடுப்பார்களாம். அன்றைக்கு மட்டும் மனுஷருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நேத்து வாங்குன அதே அரிசிய இன்னைக்கும் வாங்குறதுக்குத்தாம்மா அந்தக் காசு. ஒரு ஆழாக்கு கூட வந்துச்சா? வரல. விலை ஏறிப்போச்சு, நாம நஷ்டப்பட்டோம், அதுக்கு ஈடுகட்டுறான். இதுக்குப் போயி அல்வா தின்னுறானுங்க, முட்டாப் பயலுக!" அந்த அல்வாவை அவர் தொட்டதே இல்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு நாள் கவனித்தேன், படியேறி வந்ததும் பேச்சு வரவில்லை. பையைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார், மூச்சு வாங்குவதை மறைக்கத்தான். முகம் மட்டும் சிவந்து கிடந்தது, கறுத்த முகத்துக்குள் ஒரு சிவப்பு. "என்ன சார் இது?" என்றேன். "வேகமா வந்துட்டேன்" என்றார். அடுத்த வாரமும் வேகமாகத்தான் வந்தாராம். அதற்கடுத்த வாரம், கெண்டைக்கால் இழுக்கிறது என்றார். உட்காருங்கள் என்றால் கேட்கவா போகிறார்?

அந்த வருஷம் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். என் மகள் பர்வினையும் அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு ஹீமோகுளோபின் எட்டு என்று வந்தது. வரிசையில் நின்ற பெண்களுக்கெல்லாம் எட்டு, ஒன்பது, மிஞ்சிப்போனால் பத்து. நர்ஸ் எல்லோரையும் திட்டிக்கொண்டே இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஆண்கள் வரிசையிலிருந்து ஒரு சத்தம். "பத்தொம்பதரை!"

பெரியநாயகசாமிக்குத்தான். சீட்டு எழுதிக்கொண்டிருந்த பையன் கை கொடுத்தான். ஊரே சோகை பிடித்துக் கிடக்கும்போது ஒரு மனுஷனுக்குப் பத்தொன்பதரை என்றால் சும்மாவா? அவர் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். நானும் விடவில்லை. ரம்ஜானுக்கு ரம்ஜான் அவருக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவள் நான். "எல்லாம் சவுதியிலேருந்து நம்ம மச்சான் அனுப்புன பழம் சார், அது செஞ்ச வேலை" என்றேன். வந்தவர்களிடமெல்லாம் சாமி சார் ரத்தத்தைச் சொல்லியே மூன்று பெட்டிப் பழம் விற்றேன்.

மறுநாள் அவர் லட்டு கொண்டுவந்து தெருவுக்கே கொடுத்தார். மிட்டாய்க் கடையில் வாங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன், என் கடையில கல்கண்டு இல்லியா? இங்க விலை மட்டும் கேப்பீங்க, காசெல்லாம் அங்கயா?" சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. படியேறினார். "துவரம்…" என்று ஆரம்பித்தார். பருப்பு வரவில்லை.

"ஒரு நிமிஷம் உக்காந்துக்கிறேம்மா" என்றார்.

யா அல்லா! ஒரு நாளும் உட்காராத மனுஷர்! ஸ்டூலில் சரிந்தார். உதடு நாவல்பழம் தின்றவர் உதடு போல இருந்தது. பட்டப்பகலில் ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். பர்வினை ஆரோக்கியம் அக்காவிடம் ஓடச் சொல்லிவிட்டு, ஆட்டோவில் அவரைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் சின்னப் பெண். விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்ததும் கொஞ்சம் தெளிந்தவர், முதல் வேலையாகச் சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"ரத்தத்துல ஒரு குறையும் கிடையாது டாக்டர். பத்தொம்பதரை."

அவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "எத்தனை வருஷமா பீடி?" என்றாள்.

"அது இருக்கும், முப்பது."

"சார், உங்க நுரையீரல் பாதிக்குமேல போச்சு. காத்து உள்ள போகுது, ஆக்சிஜன் ரத்தத்துல சேரமாட்டேங்குது. பீடிப்புகை வேற ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல போய் உக்காந்துக்குது. உடம்புல இருக்குற ஒவ்வொரு செல்லுக்கும் ஆக்சிஜன் குறைஞ்சா தெரிஞ்சிடும். உடனே செலவைக் குறைச்சுக்கும். சர்க்கரையை முழுசா எரிக்காம அரைகுறையா எரிச்சு ஓட்டும். அதான் நாலு எட்டு வச்சாலே உங்களுக்குக் கால் இழுக்குது. சிறுநீரகம் இன்னொண்ணு செய்யும். பத்தல, பத்தலன்னு எலும்பு மஜ்ஜைக்குச் சேதி அனுப்பும். மஜ்ஜை இன்னும் இன்னும்னு சிவப்பணுவை உண்டாக்கும். முன்னாடி கிடைச்ச அதே ஆக்சிஜனைக் கொண்டு சேக்குறதுக்குத்தான் இவ்வளவு ரத்தம். இது சத்து இல்ல சார். பற்றாக்குறை."

அவர் விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"பஞ்சப்படி."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. 

"பஞ்சப்படிக்கு லட்டு குடுத்துட்டேனே நஃபீசாம்மா" என்றார். "தெரு பூரா குடுத்தேனே. முட்டாப் பய."

சிரிக்க ஆரம்பித்தார், இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது. நான் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன். ஆரோக்கியம் அக்கா அப்போதுதான் ஓடிவந்து கதவருகில் நின்றார், பூண்டி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே.

டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே அழைத்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். ரத்தம் பாகு மாதிரி கெட்டியாகிவிட்டது. எங்காவது கட்டி அடைத்தால், மூளையோ இதயமோ, ஆள் அவ்வளவுதான். இப்போதைக்கு ஒரு பாட்டில் ரத்தத்தை இறக்கிவிடலாம். ஆனால் பீடியை விட்டே ஆக வேண்டும். விட்டால் சில மாதத்தில் ரத்தம் தானாக இறங்கும். நுரையீரல் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

இறக்கிய ரத்தத்தை யாருக்கும் ஏற்ற மாட்டார்களாம், கொட்டிவிடுவார்களாம். அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகளுக்கு எட்டு. இங்கே ஒரு பாட்டில் கொட்டப்போகிறார்கள். அல்லா இப்படியா பங்கு வைப்பான் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வெள்ளிக்கிழமை படியில் செருப்புச் சத்தம். வந்துவிட்டார். பருப்பு, அரிசி, எண்ணெய், சிம்னி எல்லாம் கேட்டு எழுதினார். கடைசியில், குரலை இறக்கி, "பீடிக்கட்டு?" என்றார்.

"விலை சொல்றேன். தரமாட்டேன்."

"தராத பொருளுக்கு விலை எழுத முடியாதும்மா. கேட்டா குடுக்கணும். அதுக்குப் பேருதான் விலை."

"அப்ப இல்லைன்னு எழுதுங்க."

"இருக்கே, உங்க தலைக்குப் பின்னாடி. இருக்குறத இல்லைன்னு எழுதச் சொல்றீங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியை அப்படியே தூக்கினேன். வெளியே வந்தேன். வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன். கட்டுக்கட்டாக மிதந்து போனது. தெருவே வேடிக்கை பார்த்தது.

"இப்பப் பாருங்க சார். இருக்கா?"

அவர் சாக்கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்து 'இல்லை' என்று எழுதினார்.  "இப்படியே போச்சுன்னா பீடி விலைக்கு வேற கடை எடுக்கணும்" என்று முணுமுணுத்தார்.

"தாராளமா எடுங்க. எவன் உங்களுக்கு விக்கிறான்னு நானும் பாக்குறேன்!"

எதிர்க்கடை கண்ணுசாமியிடம் அன்றைக்கே போய்ச் சொன்னேன், சாமி சாருக்குப் பீடி விற்றால் இந்தத் தெருவில் உன்னோடு பேச ஆள் இருக்காது என்று. அவன் தலையாட்டினான். ஆனால் பெரியநாயகசாமி விடுகிற ஆளா? அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் கண்ணுசாமி கடை ஓரம் போய் நிற்பார். வேறு யாராவது வந்து பீடி வாங்கும்வரை நிற்பார். ஒருவர் காசு கொடுத்து வாங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்த விலையை எழுதலாமாம், விதி அப்படியாம். சுமை தூக்கும் வைரக்கண்ணு வந்து கட்டு வாங்கி, அங்கேயே ஒன்றை உருவிப் பற்றவைப்பான். இவர் எழுதி முடித்த பிறகும் நகரமாட்டார். கண் அந்த நெருப்பு நுனியிலேயே இருக்கும். கால் மாற்றி மாற்றி நிற்பார், பையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றுவார். "ஒண்ணு வேணுமா சார்?" என்று அவன் ஒருநாள் நீட்டியேவிட்டான். நான் கல்லாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். சாமி சார் கை பாதி தூரம் போனது. நாகூராரே, நாகூராரே என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கை திரும்பி வந்தது. என் பக்கம் பார்க்காமல் நடந்துபோனார். 

பொங்கல் போயிற்று. அறுப்பு முடிந்து புது நெல் வண்டிகள் வரத்தொடங்கின. ஒரு வெள்ளிக்கிழமை மெதுவாகப் படியேறி வந்தார். முகத்தில் அந்தச் சிவப்பு இல்லை. நான் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"பதினாறு" என்றார். "இறங்கிடுச்சும்மா. நான் எழுதுற நம்பர் எல்லாம் ஏறிக்கிட்டேதான் போகும். இறங்கி இப்பத்தான் பாக்குறேன்."

"மூச்சு எப்படி இருக்கு சார்?"

"அதான் பாக்குறீங்களே. உக்காந்துதான் பேசுறேன்."

நான் துடைத்த டப்பாவையே திரும்பத் துடைத்தேன். அவர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கல்கண்டு அரைக் கிலோ என்ன விலை?"

பழக்கதோஷம், விலையைச் சொல்லிவிட்டு அவர் எழுதட்டும் என்று காத்திருந்தேன். பேனா பையைவிட்டு வெளியே வரவில்லை. கல்கண்டு அவர் பட்டியலிலேயே கிடையாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போடுங்க" என்றார். "தெருவுக்குக் குடுக்கணும்."