இறக்கையில் இருந்த ஈயத்துண்டு

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பருத்திப் பொதியைக் கையில் தூக்கியே எடை சொல்லுவேன். எங்கள் ஊர் பரளச்சியில் எடையில் யாரும் என்னை ஏமாற்றியதில்லை.

கடைசி மகள் செல்வி, கல்லூரியில் படித்த காலத்தில், எஞ்சின் வைத்துச் சின்ன விமானம் ஒன்று செய்தாள். நடுவில் நின்று இரண்டு கம்பிகளைப் பிடித்து வட்டமாகப் பறக்கவிட்டு, கப்பல் மேல்தளம் போன்ற பலகையில் இறக்க வேண்டும். அதற்கான போட்டி மதுரையில்.

போட்டிக்கு முந்தின நாள், அவள் இல்லாத நேரத்தில் விமானத்தைத் தூக்கிப் பார்த்தேன். வலது இறக்கை கனத்தது. நுனியில் ஈயத்துண்டு ஒட்டியிருந்தது. "நிறுவை தெரியாத புள்ள" என்று சிரித்து, அதைப் பிய்த்து முந்தியில் முடிந்துகொண்டேன்.

சாயங்காலம் கண்மாய்ப் பொட்டலில் பறக்கவிட்டாள். இரண்டாவது சுற்றிலேயே கம்பிகள் தொய்ந்து, விமானம் அவள் பக்கமாகச் சாய்ந்து விழுந்து நொறுங்கியது.

"எட்டு மாச வேலைம்மா! அந்த ஈயந்தான் கம்பிய விறைப்பா இழுத்து வச்சிருக்கும். நாந்தான் சரியா ஒட்டாம விட்டுட்டேன், எங்கயோ விழுந்துருச்சு" என்று அழுதாள்.

"விடு தாயி" என்றேன். ஈயம் என் முந்தியில்தான் இருந்தது. எடுத்துக் காட்ட மனம் வரவில்லை.

அதன்பிறகு அவள் விமானமே செய்யவில்லை.

இன்று எழுத்துக்கூட்டி இதை எழுதி, அவள் மகளிடம் கொடுத்துச் சொல்கிறேன்:

"வாசி ஆத்தா. ஒங்கம்மா அடுப்படியில இருக்கா. அவளுக்குக் கேக்குற மாதிரி சத்தமா வாசி."