சீ மூஞ்சி

என் மகளுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவள். எதிரே நிற்பவர் மகிழ்ச்சியில் இருக்கிறாரா, எரிச்சலில் இருக்கிறாரா என்பது அவளுக்குத் தானாகப் பிடிபடாது. வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுக்க வேண்டும். சிரம்பான் நகரில் அவள் போகும் பயிற்சி நிலையத்தில் தந்த அட்டைகளில் மஞ்சள் உருண்டை முகங்கள்தான் இருந்தன. அவள் அவற்றை அடுக்கி விளையாடினாளே தவிர, நான்கு மாதத்தில் சிரித்த முகம் ஒன்றைத்தான் கற்றுக்கொண்டாள். "தெரிஞ்ச மூஞ்சியா போட்டோ எடுத்துட்டு வாங்கம்மா," என்றார் ஆசிரியை.

கைப்பேசியோடு எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் இறங்கினேன். சிரிக்கச் சொன்னால் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைத்தார்கள். கோபப்படச் சொன்னால் சிரித்தார்கள். ஒரே ஒரு முகம்தான் கேட்காமலே கிடைத்தது. லயத்துக்குப் பின்னால் ரப்பர் ஆலை இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால், குவித்து வைத்த ரப்பர் கட்டிகளின் அழுகல் நாற்றம் குடலைப் பிடுங்கும். அன்று மாலை அது வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் மூக்கைச் சுருக்கினார்கள். ஆறு படம் எடுத்தேன்.

அருவருப்பு என்ற சொல் அவள் நாக்கில் புரளவில்லை. அதனால் 'சீ மூஞ்சி' என்று பெயர் வைத்தேன். வைத்தது நான்தான், அவளில்லை. மகிழ்ச்சியைப் பிடிக்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டவள், சீ மூஞ்சியை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். மீன் கடையில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் கடலோரத்தில் இருக்கும் சி ரூசாவில் என் நாத்தனார் வீட்டில் அவர் பேரனுக்குப் பிறந்தநாள். சாப்பாட்டை முகர்ந்து பார்க்காமல் என் மகள் வாயில் வைக்க மாட்டாள். ஒரு கோழித்துண்டை எடுத்தாள், முகர்ந்தாள், திரும்பச் சட்டியிலேயே போட்டாள். நாத்தனாரின் மூக்கு சுருங்கியது, மேலுதடு ஏறியது. கண்மூடித் திறப்பதற்குள் அதன்மேல் ஒரு சிரிப்பைப் பூசிக்கொண்டார். ஆனால் இவள் பார்த்துவிட்டாள்.

"அத்தை, சீ மூஞ்சி," என்றாள், விரலை நீட்டி.

பாடத்தைச் சரியாக ஒப்பித்தவள் பாராட்டுக்காக என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"பாத்தியா, பெரியவங்கள 'சீ'ங்குது. இதத்தான் அங்க சொல்லிக் குடுக்கறாங்களா லா?" என்றார் நாத்தனார். சிலர் சிரித்தார்கள். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா, அவளுக்கு ஒன்னும் தெரியாது," என்றேன். பிறகு மகளிடம் குனிந்து, "அத்தைக்கு ஏதோ நாத்தம் அடிச்சிச்சு, அவ்ளோதான். சோரி சொல்லு," என்றேன்.

அவள் கழுத்தை நீட்டி மோந்து பார்த்தாள். கதவு திறந்திருந்தது, கடல்காற்று வந்துகொண்டிருந்தது. "நாத்தம் இல்ல," என்றாள். நான் அவள் மணிக்கட்டை அழுத்தினேன். சோரி சொன்னாள். பிறகு எல்லோரும் கேக் சாப்பிட்டோம்.

அந்தக் கூடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. ஆட்டிசம் பிள்ளைகளை நேசியுங்கள் என்று குடும்ப வாட்சப்பில் பூப்போட்ட படம் அனுப்புகிறவர் அந்த நாத்தனார். அவர் தொலையட்டும். ஒன்றும் தெரியாதவள் என்று அங்கே சொன்ன வாய் என்னுடையது. அங்கிருந்தவர்களில் உள்ளதை உள்ளபடி பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவளை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டு நான் கேக்கும் தின்றேன், த்தூ.

வீட்டுக்கு வந்த பிறகு அட்டைகளைக் காட்டினால் அவள் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, நீ சொல்லு," என்றாள். சிரிப்புப் படத்துக்கும் அதே பதில்தான். பயந்துபோனேன். நாளைக்கு யாராவது சிரித்த முகத்தோடு அவளிடம் தப்பாக நடந்தால், தன் கண்ணை நம்பாமல் என்னைத் தேடிக்கொண்டு நிற்பாள். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

மூன்றாம் நாள் அட்டைகளை ஓரமாக வைத்தேன். "அன்னிக்கு நீ சொன்னது சரி. அத்தை வச்சது சீ மூஞ்சிதான். அம்மா பொய் சொன்னேன்."

"நாத்தம் இல்ல?"

"இல்ல."

அவள் யோசித்தாள். "அப்ப அத்தைக்கு எது சீ?"

கோழி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"உன்னைப் பாத்துதான்மா," என்றேன்.

அழுவாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் அழவில்லை. அட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் கரெக்ட்டு," என்றாள், சந்தோஷமாக.